ஒரு நாள் சம்பளம் போய்ச் சேருமா?

காலை அஞ்சே முக்கால் மணி. உத்தனப்பள்ளி பஸ் ஸ்டாப்.

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளிக் கூடை ஏற்றிய டெம்போக்கள் பறக்கின்றன. எதிர்ப்பக்கம், ஓசூர் போகும் கம்பெனி பஸ்களுக்காக கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு கூட்டம் கொட்டாவி விட்டபடி நிற்கிறது. டீக்கடை மாஸ்டருக்கு தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அத்துப்படி. வடக்கே இருந்து வேலைக்கு வந்த பையன்கள் புண்ணியத்தில் இப்போது இந்தியும் சேர்ந்துவிட்டது. நாலு மொழியிலும் 'கடன் கிடையாது' என்று சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய ஒரே மனிதர், இந்த வட்டாரத்தில் அவராகத்தான் இருக்க முடியும்!

என் நண்பர் ஒருவர் அங்கே ஆஜர். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. கணக்கில் புலி. டீக்கு மீதி ஒரு ரூபாய் வர வேண்டியிருந்தால்கூட, பஸ்ஸை விட்டாலும் விடுவாரே தவிர ரூபாயை விடமாட்டார். அன்றைக்கு முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்னங்க, வீட்ல சண்டையா?"

"வீட்ல இல்லை சார், கம்பெனியில. நோட்டீஸ் போர்டைப் பாருங்க" என்று செல்போனை நீட்டினார். வெளிநாட்டில் போர் நடக்கும் இடத்தில் பட்டினி கிடக்கும் மக்களுக்கு நிவாரண நிதி. விருப்பப்பட்டவர்கள் ஒரு நாள் சம்பளம் கொடுக்கலாம். படிவம் எச்.ஆர். டேபிளில் இருக்கிறது.

"நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம்தான். ஆனா எனக்கு ஒரு கணக்கு புரியலை. நாம வரி கட்டறோம். அந்த வரியில இருந்து அரசாங்கம் நிவாரணம்னு கோடி கோடியா அறிவிக்குது. உலகத்துல இருக்கற எல்லா அரசாங்கமும் அறிவிக்குது. அது பத்தாதுன்னு என் ஒரு நாள் சம்பளம். இவ்வளவு பணம் போயும் டி.வி.யைப் போட்டா இன்னமும் காலித் தட்டோட குழந்தைங்க வரிசையில நிக்குது. அப்ப காசு எங்கே சார் போவுது? எவனாவது சாப்பிடறானா?"

பெஞ்சின் மறுமுனையில் பெயின்ட் திட்டுத் திட்டாய்ப் படிந்த சட்டையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். புதிதாக எழும்பும் ஒரு கட்டடத்துக்கு வர்ணம் அடிக்க வந்தவர். டீயை உறிஞ்சியபடி மெதுவாகச் சொன்னார்.

"காசு எங்கேயும் போகாது தம்பி. சாப்பாடுதான் வந்து சேராது."

பேச்சிலேயே தெரிந்துவிட்டது, யாழ்ப்பாணம். 1990-ல் மண்டபத்தில் வந்து இறங்கியவர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் குடும்பம். அவர் சொன்ன அந்த ஒற்றை வரிக்குள் மொத்த விவகாரமும் அடங்கியிருக்கிறது என்பது, அன்றைக்கு ஷிப்ட் பஸ் வருவதற்குள்ளும் அதற்கப்புறம் பல நாள் விவரங்களைப் புரட்டியதிலும்தான் எனக்குப் புரிந்தது.

பெங்களூரிலிருந்து பறந்த அரிசி

இது நம்ம ஓசூர்க்காரர்களுக்குக்கூட அவ்வளவாகத் தெரியாத சங்கதி. 1987-ல் யாழ்ப்பாணத்துக்கு வானத்திலிருந்து உணவு போட்ட இந்திய விமானங்கள், நம் பக்கத்து ஊரான பெங்களூரிலிருந்துதான் கிளம்பின!

அந்த வருஷத் தொடக்கத்திலேயே யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் போகவிடாமல் இலங்கை அரசு தடை போட்டது. மே 26-ம் தேதி வடமராட்சியில் பெரிய ராணுவத் தாக்குதல் ஆரம்பித்தது. தமிழ்நாடு கொதித்தது. ராஜீவ்காந்தி அரசு முதலில் படகு வழியைத்தான் தேர்ந்தெடுத்தது. ஜூன் 3-ம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து சுமார் இருபது மீன்பிடிப் படகுகள் செஞ்சிலுவைக் கொடியோடு, நிவாரணப் பொருட்களோடு புறப்பட்டன. நடுக்கடலில் இலங்கைக் கடற்படை மறித்தது. படகுகள் திரும்பி வந்தன.

மறுநாள், ஜூன் 4. பெங்களூரிலிருந்து ஐந்து ஆன்டனோவ்-32 விமானங்கள் எழும்பின. துணைக்கு மிராஜ் போர் விமானங்கள். உள்ளே மூட்டைகளோடு பத்திரிகைக்காரர்களும் உண்டு. டெல்லியில் இலங்கைத் தூதரைக் கூப்பிட்டு, 'விமானங்கள் கிளம்பப் போகின்றன, தடுக்காதீர்கள்' என்று தகவல் சொல்லப்பட்டது. சாயங்காலம் யாழ்ப்பாண வானத்திலிருந்து பாராசூட்டில் மூட்டைகள் இறங்கின. அதற்கு வைத்த பெயர் 'பூமாலை'.

"அப்ப நான் பொடியன்" என்றார் பெரியவர். "ப்ளேன் சத்தம் கேட்டவுடன எல்லாரும் பங்கருக்குள்ள ஓடினனாங்கள். ப்ளேன் எண்டா எங்களுக்குக் குண்டுதானே? கொஞ்ச நேரத்தால ஒரு ஆள் எட்டிப் பாத்திட்டுக் கத்தினார், 'குடை இறங்குது, குடை இறங்குது' எண்டு. அம்மா அழுதா. எனக்கு ஒரு பருப்பும் கிடைக்கேல்லை. ஆனா அண்டைக்கு ராத்திரி எங்கட வீட்டில எல்லாரும் சிரிச்சது எனக்கு நினைவிருக்கு."

நண்பர் கணக்குப் புலி அல்லவா? உடனே கேட்டார், "மொத்தம் எத்தனை டன் போட்டாங்க?"

சுமார் 25 டன். அப்போது யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஜனத்தொகை சுமார் ஏழு லட்சம். நண்பர் செல்போனில் தட்டினார். 25 ஆயிரம் கிலோவை ஏழு லட்சத்தால் வகுத்தால் தலைக்குச் சுமார் 36 கிராம்.

"ஒரு கைப்பிடிக் கடலை!" என்று வாயைப் பிளந்தார். "இதுக்கா சார் அஞ்சு விமானம், கூடவே போர் விமானம்? டீசல் செலவே... சாரி, பெட்ரோல் செலவே அரிசி விலையைப் போல எத்தனை மடங்கு இருக்கும்?"

நியாயமான கேள்வி. லாரியில் அனுப்புவதைவிட வானத்திலிருந்து போடுவதற்கு ஏழு மடங்கு வரை செலவாகும் என்று ஐ.நா.வின் உலக உணவுத் திட்டமே சொல்கிறது. அப்படியானால் 'பூமாலை' வீணா? இல்லை. அந்த 36 கிராம் வயிற்றுக்குப் போட்டதல்ல, பூட்டுக்குப் போட்ட சாவி. அதே ஜூன் மாத முடிவுக்குள் கொழும்பு இறங்கி வந்து, இந்திய நிவாரணக் கப்பல் காங்கேசன்துறைக்கு வர ஒப்புக்கொண்டது. ஜூலை 29-ல் ஒப்பந்தம். அதற்கப்புறம் நடந்தது வேறு ஒரு பெரிய சோகக் கதை. நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான். உணவு ரெடி, பணம் ரெடி, கொடுக்க மனசும் ரெடி. ஆனால் படகு பாதிக் கடலில் திரும்பிவிட்டது.

"சரக்கு ரெடி, இன்வாய்ஸ் ரெடி, வண்டியும் ரெடி. ஆனா கேட் பாஸ் இல்லே!" என்றார் நண்பர். ஸ்டோர்ஸ்காரர் புத்தி!

ஒரு கையில் பூட்டு, மறு கையில் ரேஷன்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் போகக்கூடாத சாமான்கள் என்று ஒரு நீண்ட பட்டியலே இருந்தது. பெட்ரோல், பேட்டரி என்று போகும் அது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அதே காலத்தில் புலிகள் பிடியிலிருந்த பகுதிகளுக்கு ரேஷன் அனுப்பியதும் அதே கொழும்பு அரசுதான்! அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் நாயகம் என்று ஓர் அதிகாரி, அதற்கென ஓர் இலாகா. அங்கே வேலை பார்த்த டாக்டர்கள், ஆசிரியர்களுக்குச் சம்பளமும் கொழும்பிலிருந்துதான். ஒரு கையில் பூட்டு, மறு கையில் ரேஷன் மூட்டை. காரணம் சுலபம். 'எங்கள் குடிமக்களுக்கு நாங்கள்தான் சோறு போடுகிறோம்' என்று உலகத்திடம் காட்ட வேண்டும். அதே சமயம் எத்தனை மூட்டை, எந்த நாளில், எந்தப் பாதையில் என்று முடிவு செய்கிற அதிகாரமும் தன் கையில் இருக்க வேண்டும்.

"எல்லாம் கச்சேரியில பதியோணும்" என்றார் பெரியவர்.

நண்பர் முழித்தார். "பாட்டுக் கச்சேரியா?"

பெரியவர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். இலங்கையில் கச்சேரி என்றால் நம்ம ஊர் கலெக்டர் ஆபீஸ். கிராம சேவகர் வீடு வீடாகப் போய்த் தலை எண்ணி எழுதிக்கொடுக்க, கச்சேரியில் மொத்தம் போட, அந்த எண்ணிக்கைப்படிதான் மூட்டை வரும். ஆகவே சோறு ஆரம்பிப்பது வயலிலோ அடுப்பிலோ அல்ல, ஒரு ரெஜிஸ்டரில்!

அந்த ரெஜிஸ்டரில் ஒரு பூஜ்யம் குறைந்தால் என்ன ஆகும்? 2009-ல் தெரிந்தது.

கேன்டீனுக்குச் சொன்ன கணக்கு

2008 செப்டம்பரில், பாதுகாப்பு காரணம் சொல்லி, வன்னியை விட்டு வெளியேறும்படி ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் இலங்கை அரசு கேட்டது. கிளிநொச்சியிலிருந்து அவர்கள் கிளம்பியபோது, 'போகாதீர்கள்' என்று மக்கள் வாசலில் வந்து கெஞ்சினார்கள். அதன் பிறகு அக்டோபரிலிருந்து ஜனவரி வரை உலக உணவுத் திட்டத்தின் லாரி வரிசைகள் பதினோரு முறைதான் போக முடிந்தது. பிறகு தரைப்பாதையும் அடைபட்டு, செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் மட்டுமே மிச்சம்.

அந்த நேரத்தில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? முதல்வர் கருணாநிதி அரசு நிதியும் பொருளும் திரட்டியது. 2008 நவம்பரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 80 ஆயிரம் குடும்பப் பொட்டலங்கள், மொத்தம் சுமார் 1,680 டன், கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து செஞ்சிலுவைச் சங்கம் மூலம் வன்னிக்குப் போனது.

நண்பரின் விரல் மறுபடி செல்போனில். "குடும்பத்துக்கு 21 கிலோ சார். துணி, சோப்பு எல்லாம் சேர்த்து. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்?"

நிவாரணக் கணக்கில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சேர்த்துத் தோராயமாக அரை கிலோ. நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டு கிலோ. அந்த 21 கிலோவும் சாப்பாடாகவே இருந்தாலும் பத்து நாள்தான்.

ஆனால் நிஜமான அடி விழுந்தது எண்ணிக்கையில். 2009 பிப்ரவரியில், போர்ப்பகுதிக்குள் இருப்பவர்கள் சுமார் 70 ஆயிரம் பேர்தான் என்றது இலங்கை அரசு. ஐ.நா.வின் கணக்கோ இரண்டரை லட்சம். உள்ளேயே இருந்த முல்லைத்தீவு அரசு அதிகாரி ஒருவர், '81 ஆயிரம் குடும்பம், மூன்று லட்சத்து முப்பதாயிரம் பேர் இருக்கிறார்கள்' என்று எழுதியனுப்பினார். அவருக்கு வந்தது மூட்டை இல்லை, மிரட்டல் கடிதம். 'உங்கள் கணக்கு ஆதாரமற்றது, வேண்டுமென்றே கூட்டிச் சொல்கிறீர்கள், ஒழுங்கு நடவடிக்கை வரும்' என்று. 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு தன் அறிக்கையில் இதையெல்லாம் பதிவு செய்து, அரசு தெரிந்தே எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியது என்றது. அதே அறிக்கை, மக்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்து, மனிதக் கேடயமாக வைத்திருந்ததையும் சொல்கிறது. மே மாதம் போர் முடிந்து முகாம்களில் எண்ணியபோது வந்து நின்றவர்கள் 2,80,000 பேருக்கும் மேல்!

நண்பருக்கு விஷயம் பளிச்சென்று பிடிபட்டது. "நம்ம கம்பெனியில எழுநூறு பேர் ஷிப்ட்டுல இருக்கோம். எச்.ஆர். கேன்டீனுக்கு 'இருநூறு சாப்பாடு'ன்னு சொல்லிட்டா? கேன்டீன்காரன் ரெக்கார்டுல நூத்துக்கு நூறு சப்ளை பண்ணியிருப்பான். பில்லும் கரெக்டா இருக்கும். ஆடிட்டும் பாஸ் ஆயிடும். ஐந்நூறு பேர் மட்டும் பட்டினி!"

அதேதான். 70 ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு 35 டன் போதும். அதை இரண்டரை லட்சம் பேர் பங்கு போட்டால் தலைக்கு 140 கிராம். மூணு வேளைக்கும் சேர்த்து! அதுவும் அந்த 35 டன் முழுசாக வந்தால். இதற்கு யாரும் ஒரு மூட்டையைக்கூடத் திருட வேண்டியதில்லை. ஒரு எண்ணை மாற்றி எழுதினார்கள், அவ்வளவுதான்.

பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ர தங்கச்சி அங்க நிண்டவ. ரெண்டு பிள்ளையளோட. அரிசி, தண்ணி, கொஞ்சம் உப்பு. அதுதான் கஞ்சி. அதுக்கும் வரிசை. வரிசையில நிக்கேக்க ஷெல் விழும். விழுந்தா எல்லாரும் படுக்கிறது, பிறகு எழும்பித் திரும்ப வரிசையில நிக்கிறது. ஏனெண்டா பிள்ளை பசியில கத்துது. இப்ப பிள்ளையளுக்கு எல்லாம் கிடைக்குது. ஆனா ஒவ்வொரு மே மாசமும் அவ அந்தக் கஞ்சியைக் காய்ச்சி, பிள்ளையளுக்குக் குடுத்திட்டுத்தான் தான் குடிப்பா."

அதுதான் முள்ளிவாய்க்கால் கஞ்சி. இன்றைக்கும் மே 18-ஐ ஒட்டி ஈழத் தமிழர்கள் இருக்கும் இடமெல்லாம் அதைக் காய்ச்சிப் பகிர்கிறார்கள். உலகத்தில் ருசிக்காகச் சமைக்கிற பண்டங்கள் ஆயிரம் உண்டு. ருசியே இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சமைக்கிற பண்டம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாஸ்டர் கேட்காமலேயே மூன்று டீ கொண்டுவந்து வைத்தார்.

பூட்டு திறந்தபின் வந்த பணம்

போர் முடிந்ததும் 2009-ல் மத்திய அரசு, இலங்கைத் தமிழர் நிவாரணத்துக்கும் மறுவாழ்வுக்கும் 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. பெரிய தொகை, தேவையான தொகை. ஆனால் பாதை அடைபட்டிருந்த அந்த நாலு மாதத்தில் ஐயாயிரம் கோடி இருந்திருந்தாலும் அந்த வரிசையில் நின்ற ஒரு பிள்ளையின் கையில் அரை கிலோ அரிசியை அது கூடுதலாக வைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

தனியார் அனுப்பியதற்கும் இதே கதி. ஐரோப்பாவில் இருந்த தமிழர்கள் 884 டன் நிவாரணப் பொருள் திரட்டிக் கப்பலில் அனுப்பினார்கள். 'வணங்கா மண்' என்று பேசப்பட்டதே, அந்தக் கப்பல். 2009 ஜூனில் இலங்கைக் கடற்படை சோதனை போட்டுத் திருப்பி அனுப்பியது. சரக்கைச் சென்னையில் இறக்கி, பேச்சுவார்த்தை நடத்தி, வேறு கப்பலில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே போனதும் வரி, துறைமுகக் கட்டணம் என்று மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. பட்டினி கிடந்தவர்கள் போர்முனையிலிருந்து முகாமுக்கே வந்துவிட்டார்கள். அரிசி இன்னும் கொடவுனில்!

இதற்கு நேர் எதிராக 2022-ஐப் பாருங்கள். இலங்கையில் பொருளாதாரம் படுத்து, பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற வருஷம். வெளிநாட்டு விவகாரம் மத்திய அரசின் அதிகாரம் என்பதால் ஒரு மாநில அரசு நேரடியாக அனுப்ப முடியாது. ஏப்ரல் 29-ம் தேதி தமிழ்நாடு சட்டசபையில் தீர்மானம் போட்டார்கள். 80 கோடிக்கு 40 ஆயிரம் டன் அரிசி, 28 கோடிக்கு மருந்து, 15 கோடிக்கு 500 டன் பால் பவுடர். மொத்தம் 123 கோடி. முதலில் தமிழர்களுக்கு என்றுதான் பேச்சு எழுந்தது. 'பிரித்துக் கொடுக்க வேண்டாம், எல்லாருக்கும் கொடுங்கள்' என்று அங்குள்ள தமிழர்களே சொன்னார்கள். மத்திய அரசு அனுமதி கொடுத்தது. மே 18-ம் தேதி முதல் கப்பல் 9 ஆயிரம் டன் அரிசியோடு சென்னையிலிருந்து கிளம்பிவிட்டது. தீர்மானத்திலிருந்து கப்பல் வரை பத்தொன்பதே நாள்!

"பத்தொம்பது நாளா? எங்க கம்பெனியில ஒரு நாற்காலி வாங்க அதைவிட அதிக நாள் ஆவும் சார்!" என்றார் நண்பர்.

அதே கடல், அதே சென்னை, அதே கொழும்பு, அதே அரிசி. 2022-ல் துப்பாக்கி இல்லை. கப்பலை வாங்கிக்கொள்ள அந்த அரசு தயாராக இருந்தது. யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் சண்டை இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

போரில்லாத பாதையிலும் கேட் பாஸ் சிக்கல் வரும் என்பதற்கு இன்னொரு நம்மூர் உதாரணம். ஆப்கானிஸ்தானுக்கு இந்தியா 50 ஆயிரம் டன் கோதுமை தர முன்வந்தது. பாகிஸ்தான் வழியாகத்தான் லாரி போக வேண்டும். 2021 அக்டோபரில் கேட்ட வழிக்கு, முதல் லாரிகள் அட்டாரி எல்லையைத் தாண்டியது 2022 பிப்ரவரி 22-ம் தேதி. கடுங்குளிர்காலம் முழுக்கக் கோதுமை இந்தப் பக்கம், பசி அந்தப் பக்கம்.

எல்லாம் மொய்ப் பணம்

"சரி சார், அப்ப பணம் முக்கியமே இல்லைங்கறீங்களா? நான் ஃபாரத்தைக் கிழிச்சுப் போட்டுடவா?" நண்பர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம்!

அவசரப்படாதீர்கள். பாதை திறந்த அன்று கையில் மூட்டை இல்லாவிட்டால் திறந்தும் பிரயோஜனமில்லை.

உலக உணவுத் திட்டம்தான் இந்தத் துறையில் பெரிய அண்ணாச்சி. 2020-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியது. அதற்கு எந்த நாடும் கட்டாயச் சந்தா கட்டுவதில்லை. எல்லாமே அவரவராகப் பார்த்துக் கொடுப்பது. அதாவது மொய்! நம்ம ஊரில் ஒரு பெரிய பங்காளி வழக்கமாகப் பெரிய மொய் வைப்பார் என்று நம்பி ஆயிரம் பேருக்கு இலை போட ஏற்பாடு செய்துவிட்டு, அவர் திடீரென்று வராவிட்டால் என்ன ஆகும்? 2025-ல் அதுதான் ஆனது. அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பையே இழுத்து மூடியது. வேறு சில பணக்கார நாடுகளும் கையைச் சுருக்கின. முந்தைய வருஷத்தைவிட 40 சதவீதம் நிதி குறையும் என்று உலக உணவுத் திட்டம் அறிவித்தது. பாதி இலையில் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போன கதை.

இன்னொரு பக்கம் பாதையும் அடைபடுகிறது. 2023 ஏப்ரலில் சூடானில் இரண்டு ராணுவத் தளபதிகள் மோதிக்கொண்டார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே ஜம்ஜம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பஞ்சம் என்று நிபுணர்கள் அறிவித்தார்கள். 2025 ஆகஸ்டில் காஸாவில் பஞ்சம் என்று அறிவித்தார்கள். இரண்டும் மழை பொய்த்து வந்த பஞ்சமில்லை. காஸாவில் எல்லைக்கு அந்தப் பக்கம் மூட்டைகளோடு லாரிகள் வரிசை கட்டி நின்றன, இந்தப் பக்கம் குழந்தைகள் எலும்பும் தோலுமாக இருந்தன. பட்டினியைப் போர் ஆயுதமாகப் பயன்படுத்துவதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்புச் சபை 2018 மே மாதமே 2417 என்ற எண்ணில் தீர்மானம் போட்டிருக்கிறது. தீர்மானம் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது!

ஆகவே, ஓர் அரசாங்கம் 'நிவாரணத்துக்கு இத்தனை கோடி' என்று அறிவித்தால் அத்தோடு கைதட்டிவிட்டுப் பேப்பரை மடிக்க முடியாது. மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஒன்று, எந்தப் பாதை? தரை வழியா, கப்பலா, வானமா? இரண்டு, எத்தனை தலை? அந்தக் கணக்கை எழுதியது யார், சரிபார்த்தது யார்? மூன்று, கேட்டில் நிற்பது யார்? அவர் திறக்க ஒப்புக்கொண்டாரா? ஒப்புக்கொள்ளாவிட்டால் பணம் கொடுத்த அரசாங்கம் அவரிடம் பேசுமா, இல்லை செக்கில் கையெழுத்துப் போட்டதோடு கடமை முடிந்ததா? 1987-ல் டெல்லி அரிசியோடு நிற்கவில்லை, கேட்டையும் தட்டியது. 2009-ல் அரிசி போனது, கேட் எவ்வளவு தட்டப்பட்டது என்பதுதான் இன்றுவரை தமிழ்நாட்டில் சண்டை.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் அரசுப் பணம் அழகாகப் போய்ச் சேரும். அதற்கு அத்தாட்சி நம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. 2021 ஆகஸ்டில் முகாம் தமிழர்களுக்கு 317 கோடி ரூபாய்த் திட்டங்களைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று உயர்ந்தது. "அதைப் பத்தாது எண்டு சொல்லலாம். வரேல்லை எண்டு சொல்ல ஏலாது" என்றார் பெரியவர். முகாமில் பதிவேடு உண்டு, தலைக்கணக்கு உண்டு, நடுவில் துப்பாக்கி இல்லை.

பாம்... பாம்! கம்பெனி பஸ் வந்துவிட்டது. நண்பர் அந்த மூன்று கேள்வியையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு ஓடினார்.

அடுத்த வாரம் அதே கடை, அதே பெஞ்ச்.

"என்னங்க, ஃபாரம் கொடுத்தீங்களா?"

"மூணு கேள்வியையும் எச்.ஆர். கிட்ட எழுத்துல கொடுத்தேன் சார். முதல்ல என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. அப்புறம் அந்த நிவாரண அமைப்புக்கு மெயில் போட்டாங்க. பதிலும் வந்துது. எந்தப் பாதைன்னு சொல்லியிருக்காங்க. எத்தனை பேருக்குன்னு சொல்லியிருக்காங்க. கேட்டை யாரு திறப்பாங்கன்னு மட்டும் சொல்லலை. 'முயற்சி நடக்கிறது'ன்னு போட்டிருக்காங்க."

"அதனால?"

"மூணு கேள்விக்கு ரெண்டு பதில். அதனால ஒரு நாள் சம்பளத்துல மூணுல ரெண்டு பங்கு கொடுத்துட்டேன்!"

நான் சிரித்தேன். மாஸ்டர் சிரித்தார். பெரியவரும் சிரித்தார். பிறகு பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர், நண்பரின் தோளில் கை வைத்துச் சொன்னார்.

"மூண்டாவது கேள்வியை விட்டிடாதேங்கோ தம்பி. பதில் வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருங்கோ. எங்களுக்காக அதை ஆரும் கேக்கேல்லை."